ஒற்றைக் கண்ணை மூடிய ஆள்காட்டி

ஏரிக்கரைச் சரளைக் கற்களுக்கு நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகளை இட்டு அடைகாத்து வந்தது. கூடும் கிடையாது, குச்சியும் கிடையாது, வெறும் தரைதான். பிறகு அதற்கு நிம்மதி ஏது! நண்டு நகர்ந்தால் சந்தேகம். நாணல் அசைந்தால் சந்தேகம். உடனே "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று ஏரியே அதிரக் கத்திவிடும்.

பக்கத்து நாணல் புதரில் ஒரு நாமக்கோழி தன் கூட்டத்தோடு குடியிருந்தது. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்பு நீர்க்கோழி அது. ஒருநாள் அதற்குப் பொறுமை போய்விட்டது.

"ஏண்டி, எருமை தண்ணி குடிக்க வந்தாக்கூடக் கத்துவியா? எங்களைக் கண்ணசர விடமாட்டியா? சரியான சந்தேகப் பிராணி!"

ஆள்காட்டிக்கு மனசு நொந்துபோயிற்று. இதையெல்லாம் ஒரு கீரி புற்றுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மெல்ல வந்து குழைந்தது.

"தங்கச்சி, உனக்கு எதிரியே உன் குரல்தான்! புறா மாதிரி மெதுவாப் பேசக் கத்துக்க. எல்லாரும் உன்னைத் தலையில தூக்கி வச்சுப்பாங்க. நான் சொல்லித் தரேன்!"

'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறதா?' என்றுதான் ஆள்காட்டிக்கு முதலில் பட்டது. ஆனால் தன்னையே திட்டிக்கொண்டது. 'சீ! இந்தப் புத்தியால்தானே எனக்குக் கெட்ட பெயர்!'

தினமும் உச்சிவெயிலில் பாடம் நடந்தது. கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். கீரி "போதும்" என்று சொல்லும்வரை "கூ... கூ..." என்று முனக வேண்டும். அவ்வளவுதான்!

"இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்! நீ தங்கம்டி!" என்று நாமக்கோழி புகழ்ந்தது. ஆள்காட்டிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இரண்டாம் நாள் பாடம் முடிந்து கண் திறந்தபோது, கீரியின் மீசையில் என்னவோ மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"அண்ணே, மீசையில என்ன?"

"ஆவாரம்பூவை மோந்து பார்த்தேம்மா! பூந்தூளா இருக்கும்."

அன்று மாலை நாமக்கோழி பதறிக்கொண்டு வந்தது. "என் முட்டையில ஒண்ணைக் காணோமே! நீதான் கத்தவே இல்லையே. அப்போ யாரும் வந்திருக்க மாட்டாங்களே!"

ஆள்காட்டிக்குக் கீரியின் மஞ்சள் மீசை நினைவுக்கு வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தது. மறுபடியும் சந்தேகப் பிராணி என்பார்களே என்று விழுங்கிவிட்டது.

மூன்றாம் நாள் கீரி இன்னும் குழைவாகப் பேசியது. "இங்க வெயிலு கொளுத்துது தங்கச்சி. அந்த வேலமரத்து நிழலுக்கு வந்துடேன்!"

"முட்டை காயுமே அண்ணே?"

"கொஞ்ச நேரந்தானே!"

'முட்டையைவிட்டு எழுந்திரு என்கிறானே!' என்று பழைய சந்தேகம் தலைதூக்கியது. ஆள்காட்டி நிழலுக்குப் போய் நின்றது. "கூ... கூ..." என்றது. ஆனால் ஒரு கண்ணைத்தான் மூடியது.

மறுகண்ணில் என்ன தெரிந்தது? வயிறு தரையில் உரச, கீரி சரளைக் கற்களை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது!

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

மூன்று நாள் அடக்கி வைத்திருந்த குரல் அத்தனையும் வெளியே வந்தது. நாணல் புதரில் தூங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் அலறியடித்துக்கொண்டு எழுந்தன. ஆள்காட்டி பறந்துபோய்க் கீரியின் மூக்குக்கு முன்னால் விழுந்தது. ஒடிந்ததுபோல் ஒரு சிறகை இழுத்து இழுத்து நடந்தது.

முட்டையைவிடக் கறி பெரிதல்லவா! கீரி பின்னாலேயே பாய்ந்தது. கரையோரம் வந்ததும் ஆள்காட்டி ஜிவ்வென்று மேலே எழும்பியது. கீரி வயிறுவரை சேற்றில் புதைந்தது. நாமக்கோழிகள் கூட்டமாக வந்து அதன் தலையைக் கொத்திக் கொத்தி எடுத்தன. தட்டுத்தடுமாறிக் கரையேறி ஓடிய கீரி அந்த ஏரிப் பக்கம் திரும்பவே இல்லை.

நாமக்கோழி தலைகுனிந்து வந்தது. "தப்பு என்னோடதுடி. இனிமே நண்டு நகர்ந்தாக்கூடக் கத்து!"

ஆள்காட்டி அதைச் சாய்வாகப் பார்த்தது. "நிஜமாத்தான் சொல்றியா?"

"இதிலயுமா சந்தேகம்!"

"ஆமா, நான் அப்படித்தான்!" என்று சொல்லிவிட்டு, ஆள்காட்டி தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு தன் நான்கு முட்டைகளையும் குளிர அணைத்து உட்கார்ந்தது.

நான்கு பேர் மெச்ச வேண்டுமென்று நம் இயல்பை நாமே அடக்கிக்கொண்டால், அதனால் லாபம் அடைகிறவன் நம் பகைவன்தான்.