காலியிடத்தில் ஒரு பூஜ்யம்

வெள்ளக் கணிப்பு அலுவலகத்தில் எஸ்தர் குரு, மாசிலாமணி சீடர். சீடர் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். பொறியாளராக இருந்தவர், கணினியில் கணக்குப் போடும் மொழியைக் கற்றுக்கொள்ள வந்து அப்படியே தங்கிவிட்டார்.

மழை அளவைக் கூட்டுவது, ஆற்றில் வரும் தண்ணீரைக் கணிப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஃபங்ஷன் என்ற ஒரு சின்ன நிரலை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு லைப்ரரியாகச் சேர்த்திருந்தார். எல்லா அணைக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். கூடவே அவருடைய போன் நம்பரையும் எடுத்துக்கொண்டார்கள். பாவம், மனுஷர் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்று வெகுகாலமாகிறது.

ஒரு மழைநாளில் குருவின் அறைக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

“மேடம், யாரும் என்னைக் கூப்பிடவே தேவையில்லாத மாதிரி ஒரு லைப்ரரி எழுத முடியுமா?”

எஸ்தரும் களைத்துத்தான் போயிருந்தார்.

“கோம்பைமலையில இப்ப எவ்வளவு மழை சார்?”

மாசிலாமணி மடிக்கணினியில் ஃபங்ஷனை ஓட்டிப் பார்த்தார். “பூஜ்யம் மேடம்.”

எஸ்தர் மலையிலுள்ள ஊழியருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“மழையா?” அந்த ஆள் இரைச்சலுக்கு மேலே கத்தினார். “மழைமானியே ஓடையோட போயிருச்சும்மா! விடியக்காலையில இருந்து கொட்டுது. நாங்க பள்ளிக்கூட மாடியில ஏறி நிக்கிறோம்!”

மாசிலாமணி பதறி எழுந்தார். அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் மலைக்குக் கீழேயுள்ள அணையில் மதகுகளை மூடி வைத்திருந்தார்கள். அணை நிரம்பி வழிந்தால் ஆற்றோரத்து வீடுகள் ஒன்றும் மிஞ்சாது.

எஸ்தர் அணைக்குப் பேசினார். முதலில் ஆற்றோரத்து ஜனங்களை மேட்டுக்கு அனுப்பச் சொன்னார், பிறகு மதகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கச் சொன்னார். எல்லோரும் மேடேறிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. சில வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை.

மாசிலாமணி மடிக்கணினியை மூடி வைத்தார்.

“மழை அளவு வராத இடத்துல பூஜ்யம்னு எடுத்துக்கும்படி போன மாசம் நான்தான் ஃபங்ஷனை மாத்தினேன் மேடம்.”

“முன்னாடி எப்படி இருந்துச்சு?”

“அளவு வரலைன்னா கணக்கு பாதியிலயே நின்னுரும். உடனே எனக்குப் போன். ராத்திரி பகல் பார்க்க மாட்டாங்க. என்னால முடியல.”

“இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“பழையபடியே மாத்திடறேன். ஆனா, மறுபடியும் இதுக்கும் கூப்பிட ஆரம்பிச்சுருவாங்களே மேடம்.”

எஸ்தருக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

“இன்னிக்குக் காலையில அந்த அணையில இருந்து யாருமே கூப்பிடல சார்,” என்றார்.