கால் கழுவிய தண்ணீர்

இந்தக் கதை எனக்கு நேராக வந்ததல்ல. பார்த்தவரிடம் கேட்டவர் சொன்னது.

புளியங்குடிப் பக்கம் ஒரு சிறு மடம். குரு நாச்சியம்மாளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சீடர் மருதப்பன் அறுபதைத் தாண்டியவர். தினமும் காலையில் குருவின் பாதம் கழுவுவார். அந்தத் தண்ணீரை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று கொல்லை எலுமிச்சை மரத்தின் அடியில் ஊற்றுவார். வழிந்தோடாமல் இருக்க அடித்தண்டைச் சுற்றி மண்ணும் அணைத்திருந்தார்.

அம்பாசமுத்திரத்தில் அவர் மகள் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். அப்பாவை வரச்சொல்லி மூன்று கடிதம் போட்டுவிட்டாள். அவர் போகவில்லை. போனால் குருத்தாயிக்கு யார் பாதம் கழுவுவது?

அப்போதுதான், அவர் தண்ணீர் ஊற்றத் தொடங்கிய ஏழாம் வருடம், மரத்தில் பிசின் வடிந்தது. பட்டை வெடித்தது. இலையெல்லாம் மஞ்சள்.

"தாயி, மரம் சாகப் போகுது. நான் என்ன குறை வச்சேன்?"

நாச்சியம்மாள் மண்வெட்டியால் அணைத்த மண்ணை இழுத்துத் தள்ளினார். உள்ளே ஈரத்தில் பட்டை கறுத்து அழுகியிருந்தது. பச்சை தெரியும்வரை கத்தியால் சுரண்டினார்.

"வலிக்குமே தாயி."

"மரத்துக்கா, உமக்கா?"

அழுகலை நிறுத்தும் மருந்துக்கு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து ஒன்றாகக் கலந்தார். கத்தியை முக்கி எடுத்தார். முனையில் செம்பு நிறம் ஏறியது.

"செம்பு ஏறுதே, துத்தம் காட்டமா இருக்கு. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடும்."

மருதப்பன் போட்டார். இருவரும் புண்ணில் பூசினார்கள்.

"பிழைக்குமா?"

"அடியில ஈரம் நிக்காம இருந்தா பிழைக்கும்."

மருதப்பன் கீழே கிடந்த கறுத்த பட்டைத் துண்டைக் கையில் எடுத்தார். "உங்க பாதம் பட்ட தண்ணியா இதக் கெடுத்துச்சு?"

"தண்ணி மேல குத்தமில்ல அண்ணாச்சி. அது நின்ன இடந்தான்."

"அப்ப எங்க ஊத்த?"

நாச்சியம்மாள் அவர் கையைப் பிடித்து, கடைசிக் கிளை முடியும் இடம்வரை நடத்திக்கொண்டு போனார். குதிகாலால் தரையில் ஒரு கோடு இழுத்தார்.

"இங்க. குடிக்கிற வேரெல்லாம் இங்கதான் இருக்கு."

"இவ்வளவு தள்ளியா?"

"ஆமா." மருதப்பன் தோளில் ஒட்டியிருந்த பட்டைத் தூளைத் தட்டிவிட்டார். "அம்பாசமுத்திரம் பஸ் எத்தன மணிக்கு?"

பின்னாளில் போய்ப் பார்த்தேன். மரம் காய்க்கிறது. அடித்தண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வடு. தண்ணீர்ப் பாத்தி அதிலிருந்து நாலு எட்டு தள்ளி இருக்கிறது.