சிங்காரிக்கு ஒரு பல்லக்கு

கொன்றையூர் ராஜா செண்பகபூபதிக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. வேட்டைக்குப் போனதில் வந்தது என்று வெளியே சொன்னார்கள். உண்மையில் மத்தியானம் முழுக்க ஒருக்களித்துத் தூங்கியதில் வந்தது.

உடம்பு பிடித்துவிடும் ஒச்சப்பனை வரவழைத்தார்கள். அவன் எண்ணெயைச் சுடவைத்து, இதமாகத் தேய்த்து, முடிச்சு இருந்த இடமாகப் பார்த்துக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினான்.

"ஐயோ, எங்கம்மா!"

ராஜா போட்ட சத்தம் கொலுமண்டபம் வரை கேட்டது. அங்கே பக்கத்து நாட்டுத் தூதுவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து அவருக்குப் புரையேறிவிட்டது.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! "இனி எந்த மனுஷனும் என் தோளைத் தொடக்கூடாது! இவனைக் கொண்டுபோய் அடையுங்கள்!"

மந்திரி அச்சுதராயருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். முதுகுவலி என்று அவர் போனபோது, "பல்லக்கை விட்டு இறங்கி நாலு எட்டு நடங்க சாமி" என்று ஒச்சப்பன் சொல்லியிருந்தான். அந்தக் கடுப்பு ஆறவில்லை. "தோளை அசைக்கவே கூடாது பிரபு" என்று பட்டுத் துணியால் ராஜாவின் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டார். அசைக்காத கை இன்னும் இறுகிப்போனது.

அம்மன் தேர்த்திருவிழா நெருங்கியது. தேர் நகருமுன் ராஜா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். ராஜா சபையிலேயே கண் கலங்கினார். "தாயேன்னு கையெடுக்க முடியாத பாவியாகிவிட்டேனே!"

"எல்லாம் அந்த ஒச்சப்பன் செய்த வேலை" என்றார் மந்திரி. "திருவிழாவன்று கை எழாவிட்டால் அவனைக் குடும்பத்தோடு நாட்டைவிட்டே துரத்துங்கள்."

ராஜா தலையாட்டினார்.

சபை விகடன் மருதையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். காலையில்தான் ஒச்சப்பன் மனைவி வடிவு அவன் வீட்டு வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள். நிறைமாதக்காரி. "இந்த வயித்தோட ஒத்தையா என்ன செய்வேண்ணே?" என்று அவள் கேட்டது காதிலேயே இருந்தது. அம்மா தாயே, ஒரு வழி காட்டு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு எழுந்தான்.

"பிரபு, எந்த மனுஷனும் தொடாமலே தோள் சரியானால்?"

மந்திரி கடகடவென்று சிரித்தார். "தொடாமலா? அப்படிக் குணப்படுத்துகிறவருக்கு என் பல்லக்கையே கொடுத்துவிட்டு நடந்தே போகிறேன், போ!"

"அவர் எதைக் கேட்டாலும் நானும் கொடுக்கிறேன்" என்றார் ராஜா.

மருதையன் ராஜாவை நேரே யானைக்கொட்டிலுக்கு அழைத்துப் போனான். சிங்காரி ராஜாவின் செல்ல யானை. அவர் வராத ஏக்கத்தில் கரும்பைக்கூடத் தள்ளிவைத்திருந்தது.

"பிரபு கையால் எண்ணெய் தேய்த்தால்தான் சாப்பிடுவாள் போல. வலக்கையால்தான்! அந்தக் கை வாசனைதான் அவளுக்குத் தெரியும்."

"இந்தக் கையாலா? விளையாடுகிறாயா?"

"முழங்காலில் மட்டும் தேயுங்கள். தோளைத் தூக்கவே வேண்டாம்."

செல்ல யானையாயிற்றே. ராஜா பட்டுத் துணியை அவிழ்த்தார். இளஞ்சூடாக இருந்த எண்ணெயில் கையை நனைத்து, குனிந்து, கையை ஊஞ்சல் மாதிரி ஆட்டி ஆட்டித் தேய்த்தார். சிங்காரி ஒரு கரும்பை எடுத்துக் கடித்தது. ராஜாவின் முகம் மலர்ந்தது.

மறுநாள், "வயிற்றிலும் கொஞ்சம் கேட்கிறாள் பிரபு" என்றான் மருதையன். பிறகு காதுமடல் வந்தது. வலித்த இடத்தில் ராஜா நிறுத்துவார். மருதையனும் வற்புறுத்தமாட்டான். அடுத்த நாள் ஒரு விரற்கடை மேலே போவார்.

"இவளை மண்டியிடச் சொல்லேன்டா!"

"பாவம் பிரபு, அவளுக்கும் வயசாச்சு. முட்டியை மடக்க முடியவில்லையாம்."

ராஜா முணுமுணுத்துக்கொண்டே எட்டித் தேய்ப்பார். திருவிழாவுக்கு முந்தைய நாள் காலையில் சிங்காரியின் நெற்றியில் குங்குமம் வைத்தார். வைத்துவிட்டு அப்படியே நின்றார். கை தலைக்குமேல் இருந்தது!

"அடேய் மருதையா!"

"கையை இறக்கிவிடாதீர்கள் பிரபு, நான் ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் தேருக்கு முன்னால் ராஜா இரண்டு கையையும் தூக்கி, "தாயே!" என்றார். மருதையனும் கண்ணை மூடிக் கும்பிட்டான்.

"கேள் மருதையா, என்ன வேண்டும்?"

"ஒச்சப்பனை விட்டுவிடுங்கள் பிரபு. அது போதும்."

"நில்லுங்கள்!" என்று மந்திரி குறுக்கே வந்தார். "குணப்படுத்தியது யானை. இவன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவன். வரம் கேட்கிற உரிமை யானைக்குத்தான். அது வாயைத் திறந்து கேட்கட்டும்!"

மருதையன் சுற்றிலும் பார்த்தான். வடிவு கூட்டத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கண் அவளைத் தாண்டி, மந்திரியின் பல்லக்கில் போய் விழுந்தது.

"மந்திரி சொல்வதுதான் நியாயம்" என்றான். "வைத்தியர் சிங்காரிதான். அப்படியானால் பல்லக்கும் அவளுக்குத்தான். கொண்டுவாங்கப்பா, ஊர்வலம் போகட்டும்!"

பல்லக்குத் தூக்கிகள் ராஜாவின் காலில் விழுந்தார்கள். "சாமி, நாங்க பிள்ளைகுட்டிக்காரங்க!"

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வாக்கு வாக்குதான். ஆள் போதாவிட்டால் மந்திரியும் ஒரு தோள் கொடுக்கட்டும்!"

"தாராளமாக" என்றான் மருதையன். "ஆனால் தூக்கி முடித்ததும் இத்தனை பேருக்கும் தோள் பிடித்துக்கொள்ளுமே பிரபு! நீவிவிட ஊரில் இருப்பது ஒரே ஆள். அவன் உள்ளே இருக்கிறான். மந்திரி ஐயா, சிங்காரியை ஏறச் சொல்லட்டுமா?"

சிங்காரி ஓர் எட்டு முன்னால் வைத்தது.

"விடுங்கள் பிரபு! ஒச்சப்பனை இப்பவே விடுங்கள்!" என்று அலறினார் மந்திரி.

ராஜா இரண்டு கையையும் மேலே வீசிச் சிரித்தார். ஒச்சப்பன் வந்தான். சிங்காரி பல்லக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக மருதையன் அறிவித்தான். வடிவு அதில் ஏறி வீட்டுக்குப் போனாள். பல்லக்கும் அவளோடே போனது.

மந்திரி அன்றிலிருந்து அரண்மனைக்கு நடந்தே வந்தார். கொஞ்ச நாளில் அவர் முதுகுவலி போன இடம் தெரியவில்லை. அதை மட்டும் அவர் ஒச்சப்பனிடம் சொல்லவே இல்லை.