முதல் இலைக்காரரிடம் சொன்ன சொல்

ஆற்றங்கரை மடத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதானம் நடக்கும். எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே சாம்பார். பந்திதான் ஒன்றில்லை. மடத்தின் கழிப்பறைகளைக் கழுவுகிற அஞ்சலைக்கு மட்டும் பின்புறத் தகரக் கொட்டகையில் இலை போடுவார்கள்.

அன்று அஞ்சலை கூடத்துக்குள் வந்து முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மடத்து நிர்வாகக் குழுத் தலைவர் தணிகாசலம் கோபப்படவில்லை. கோபப்படுவது அவர் கௌரவத்துக்குக் குறைச்சல். சிரித்தபடியே, "கூட்டம் ஜாஸ்தி அஞ்சலை. இன்னைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார்.

அஞ்சலை எழுந்தாள். "இனிமே இந்த மடத்துல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த குமுதவல்லிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்று, மடத்தில் சிஷ்யையாகச் சேர்ந்தவள் அவள். குருவோ அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். அஞ்சலையின் கையைப் பிடித்துக் கெஞ்சி வாசலில் உட்கார வைத்துவிட்டு, நேராகக் குருவின் அறைக்குப் போய் நடந்ததைக் கொட்டினாள்.

"சாமி, இந்த அட்ஜஸ்ட்டுக்கு என்னதான் அர்த்தம்?"

"உங்களுக்குத் தெரியாததாம்மா?"

"தெரிஞ்சதுனாலதான் வயிறு எரியுது! பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலாவதா வந்து இடிக்கிறவன் அதைச் சொல்றான். பிளவுஸைத் தொளதொளன்னு தைச்சுட்டு டெய்லர் சொல்றார். பத்து நாள் லீவு கேட்டா ரெண்டு நாள் குடுத்துட்டு தாசில்தார் சொன்னார். குடிச்சுட்டு அடிச்ச புருஷன்கிட்ட என்னைத் திருப்பி அனுப்பினப்போ, பெத்த அம்மாவே அதைத்தான் சொன்னாங்க. ஒரே வார்த்தை சாமி! எத்தனை அநியாயத்துக்குத்தான் அது உழைக்கும்?"

நியாயமான கேள்விதான். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தச் சொல் மட்டும் ரேஷன் கார்டு வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டது.

"கூடத்துக்குப் போங்கம்மா," என்றார் குரு. "முதல் இலையில உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட அதே வார்த்தையைச் சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லணும்."

முதல் இலையில் தணிகாசலமே இருந்தார். குமுதவல்லி சிரித்த முகத்தோடு அவர் முன்னால் போய் நின்றாள். மடத்தில் தங்க இடம் போனாலும் போகும். போகட்டும்.

"ஐயா, கூட்டம் ஜாஸ்தியா இருக்கு. கொட்டகையில இலை போட்டிருக்கு. இன்னைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரைப் பார்த்து என்ன வார்த்தை பேசுறீங்க!" தணிகாசலம் பாதிச் சோற்றில் எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் குருவின் அறைக்கு ஓடினார். குமுதவல்லியும் பின்னாலேயே போனாள்.

"சாமி! இந்தம்மா எல்லார் முன்னாலயும் என்னை அவமானப்படுத்திட்டாங்க!"

"கெட்ட வார்த்தை பேசினாங்களா?"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கணுமாம்! நான்! கொட்டகையில!"

"அஞ்சலைகிட்ட நீங்க சொன்னப்போ அது நல்ல வார்த்தையா இருந்துச்சோ?"

தணிகாசலம் வேட்டியை உதறிக்கொண்டு வெளியேறினார்.

குமுதவல்லிக்கு அதில் திருப்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் ஆத்திரம்தான் வந்தது. அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தக் கொட்டகை தெரிந்தது.

"ஒன்பது வருஷமா அவ அங்கதான் சாப்பிடுறா. நீங்க இங்கேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? நீங்க ஏன் சாமி ஒரு வார்த்தை சொல்லல?"

குரு எழுந்து வாசலுக்கு நடந்தார்.

அவர் வருவதைப் பார்த்து அஞ்சலை எழுந்து நின்றாள். "நீங்களும் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லத்தான் வந்தீங்களா சாமி?"

குரு அவள் முன்னால் கைகூப்பினார்.

"இல்லம்மா. உங்களைக் கொட்டகையில பார்த்துட்டும் வாயைத் திறக்காம, ஒன்பது வருஷமா அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டவன் நான்தான். நீங்க உள்ள வந்து உட்கார்ற வரைக்கும் இந்த மடத்துல அடுத்த இலை விழாது."