காது பிய்ந்த அண்டா

ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தபோது, மடத்துச் சமையல்கூடத்தில் சாம்பார் அண்டாவின் காது பிய்ந்தது. கொதிக்கக் கொதிக்கச் சாம்பார், அதைத் தூக்கிய வடிவு என்ற பெண்ணின் கால்களில் கொட்டியது. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சமையல்கூடத்துக்குப் பொறுப்பு திலகவதி. மடத்தை நடத்தும் நாச்சியாரம்மாவின் மூத்த சிஷ்யை. பிய்ந்த காதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். விரிசல் புதிதல்ல, உள்ளே கரி ஏறியிருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

அடுப்படியில் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் கோசலை. "பவுனுக்கும் தெரியும்."

"தினம் காலையில கேக்குறேனே, எல்லாம் சரியா இருக்கான்னு! இன்னிக்கும் கேட்டேனே! சரியா இருக்குன்னுதானே சொன்னீங்க?"

"போன மாசம் கிரைண்டர் சத்தம் போடுதுன்னு வந்து சொன்னேன். 'என்னத்தைப் போட்டு ஒடச்சே'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க" என்றாள் கோசலை.

"அதுக்காக ஒருத்தி கால் வேகணுமா?" திலகவதி கையிலிருந்ததைச் சுவரில் விட்டெறிந்தாள். "ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டுங்க. இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

பவுனு விசும்பினாள். புருஷன் அடி தாங்காமல் மடத்துக்கு ஓடி வந்தவள். போக்கிடம் கிடையாது. அது திலகவதிக்கும் தெரியும். தெரிந்தும் மனம் இளகவில்லை.

நேரே நாச்சியாரம்மாவிடம் போனாள்.

"ரெண்டு பேரை வெளிய அனுப்புறேன்மா. தெரிஞ்சே மறைச்சிருக்காளுக."

"ஏன் மறைச்சாங்களாம்?"

"பயமாம்! பயமாவது மண்ணாவது. நான் என்ன புலியா, கடிச்சுத் திங்க? மனசாட்சி இருந்தா வாயைத் திறந்து சொல்ல மாட்டாளுகளா? எல்லாம் கொழுப்பு."

நாச்சியாரம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியா?"

"சோறு ஒண்ணுதான் குறைச்சல்."

"உக்காரு."

எழுந்து உள்ளே போனார். பருப்பு வேகும் வாசனை வந்தது. வெல்லத்தின் வாசனை வந்தது. திலகவதி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடிவின் அலறல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

நாச்சியாரம்மா ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்து அவள் கையில் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் திலகவதி கிண்ணத்தை இறக்கினாள். ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"இனிப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்கும்மா."

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

"போதும்மா. வயிறு நிறைஞ்சுபோச்சு."

"வெல்லத்தோட ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன்."

திலகவதி கிண்ணத்தை நங்கென்று தரையில் வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. "சோதிச்சுப் பாக்குற நேரமாம்மா இது? அங்க ஒருத்தி வெந்து கிடக்கா!"

"உப்புன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் வாயிலயே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் நல்லா இருக்குன்னே?"

"உங்க கையால செஞ்சு கொண்டுவந்தது. உங்க மூஞ்சிக்கு நேரா அதை எப்படிம்மா சொல்றது?"

நாச்சியாரம்மா குனிந்து காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

"திலகா, இத்தனை வருஷத்துல நான் உன்னை ஒரு தடவையாவது அதட்டியிருக்கேனா? என்கிட்டயே உனக்கு வாய் வரலையே."