இருபத்தொரு கடிகாரமும் ஒரு தலைப்பாகையும்

கீழக்கொன்றை ஜமீன்தார் சங்கிலி வீரப்ப பூபதிக்கு யானை மேல் ஆசை இல்லை, வேட்டை மேல் ஆசை இல்லை. கைக்கடிகாரம் என்றால் மட்டும் உயிர். அதிலும் கண்ட கடிகாரம் ஆகாது. கட்டிக்கொண்டு நடந்தால் போதும், கை அசைகிற அசைவிலேயே தானாகச் சாவி ஏறிக்கொள்ளுமே, அந்த ரகம்தான் வேண்டும். சீமையிலிருந்து ஒவ்வொன்றாக வரவழைத்து இருபத்தொன்று சேர்த்துவிட்டார். காலையில் எல்லாவற்றையும் பட்டுத்துணியால் துடைத்து, காதோரம் வைத்து டிக் டிக் கேட்ட பிறகுதான் அவருக்குக் காப்பி.

வினையும் அங்கேதான் வந்தது. கடிகாரம் இருபத்தொன்று இருக்கலாம், கை இரண்டுதானே. ஒன்றைக் கட்டினால் மற்றவை ஒன்றரை நாளில் நின்றுவிடும். போன மாதம் விருந்துக்கு வந்த மேலக்குடி ஜமீன்தார் பெட்டியைத் திறந்து பார்த்தார். "என்ன பூபதி, எல்லாம் செத்துக் கிடக்கிறதே" என்று சிரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பூபதிக்குச் சோறு இறங்கவில்லை.

"பௌர்ணமிக்கு மேலக்குடியார் மறுபடி வருகிறார். இருபத்தொன்றும் ஓடியாக வேண்டும்" என்றார் சபையில்.

"ஓடியாக வேண்டும், மகாராஜா" என்று தலையாட்டினார் ஜமீன் நிர்வாகத்தைக் கவனிக்கும் பேஷ்கார் தாண்டவமூர்த்தி. அது அவர் பழக்கம். பூபதி மழை வரும் என்றாலும் ஆட்டுவார், வராது என்றாலும் ஆட்டுவார். லேசாகவா? தலைப்பாகை முன்னும் பின்னும் போய்வர ஆட்டுவார்.

"ஆளுக்கொன்று கட்டிக்கொண்டால் போயிற்று, மகாராஜா" என்றார் மாசிலாமணி. சமஸ்தானத்துக்கு யோசனை சொல்வதுதான் அவருக்கு உத்தியோகம்.

பூபதி முகத்தைச் சுளித்தார். "இன்னொருவன் கையில் ஏறி இறங்கிய கடிகாரம் எனக்கு எதற்கய்யா? அது பழைய சரக்கு."

மாசிலாமணியைக் கண்டாலே பேஷ்காருக்கு ஆகாது. விடுவாரா? "மகாராஜா, பொறுப்பை இவரிடமே கொடுங்கள். ஒருவர் கையிலும் கட்டக் கூடாது. ஒரு விரலும் சாவியைத் திருகக் கூடாது. பௌர்ணமி வரை எட்டு நாளும் ஓட வேண்டும். ஒன்று நின்றாலும் இவருக்கு இங்கே என்ன வேலை? ஊரை விட்டுப் போகட்டும்."

"அப்படியே செய்யும்" என்றார் பூபதி, இருந்த எரிச்சலில்.

தை மாதம் மாசிலாமணியின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்ததே அரண்மனை உத்தியோகத்தைப் பார்த்துத்தான். இது போனால் அதுவும் போச்சு.

பூபதி தம் கையாலேயே மணி திருத்தி, எல்லாவற்றையும் குலுக்கி ஓடவிட்டு, பெட்டியை நீட்டினார். "பத்திரம்" என்றார். "பத்திரம், பத்திரம்" என்று பேஷ்காரின் தலை ஆடியது. பெட்டியை வாங்கிய மாசிலாமணி அந்தத் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டியை இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பினார்.

வீட்டுக்குப் போனதும் ஒரு நீளமான சரிகைத் துணியை மனைவியிடம் கொடுத்தார். "செண்பகம், இதில் இருபத்தொரு பை தைத்துக் கொடு."

"தலைப்பாகைத் துணியில் பை எதுக்குங்க?"

"தை, சொல்கிறேன். நம்ம பெண் கல்யாணம் உன் ஊசியில்தான் இருக்கிறது."

சாயங்காலம் பேஷ்கார் வீட்டு வாசலில் போய் நின்றார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "ஊரை விட்டுப் போகப் போகிறவன், ஒரு அன்பளிப்பு கொண்டுவந்தேன். மேலக்குடி பேஷ்கார் தலைப்பாகையைப் பார்த்திருக்கிறீர்களா? இவ்வளவு பெரிசு. நம்ம பேஷ்கார் அவருக்கு இளைத்தவரா என்றுதான் இதைக் கட்டிவைத்தேன். பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தால் இந்தக் கட்டு மறுபடி வராது."

பேஷ்கார் தூக்கிப் பார்த்தார். "கனமாக இருக்கிறதே."

"அத்தனையும் சரிகை."

அவ்வளவுதான், மனிதர் குளிர்ந்து போனார். மறுநாளிலிருந்து அதே தலைப்பாகைதான். கழுத்து வலித்தது, கழற்றவில்லை. காதுக்குள் என்னவோ பூச்சி அரிப்பது போல் சத்தம் கேட்டது. வைத்தியர் பித்தம் என்று சொல்லி நல்லெண்ணெய் விட்டார். சத்தம் போகவில்லை. சபையில் ஆடிய ஆட்டத்துக்கும் குறைவில்லை. பகலெல்லாம் ஏறிய சாவி ராத்திரிக்கும் தாராளமாகப் போதும். இருந்தும் மாசிலாமணிக்கு எட்டு நாளும் சரியான தூக்கமில்லை. பேஷ்காருக்கு ஒரு காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் என்ன ஆவது?

நல்லவேளை, வரவில்லை. பௌர்ணமி வந்தது. மாசிலாமணி கொண்டுவந்து வைத்த பெட்டியை மேலக்குடியார் மீசையைத் தடவிக்கொண்டே திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

பூபதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாசிலாமணி, எங்கேய்யா என் கடிகாரம்?"

"சபையில்தான் இருக்கிறது, மகாராஜா. பேஷ்கார் கொஞ்சம் இப்படி வந்து தலைப்பாகையைக் கழற்ற வேண்டும்."

பேஷ்கார் விழித்தார். சபையே பார்க்கிறது, என்ன செய்வார்? கழற்றிக் கொடுத்தார். மாசிலாமணி சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். பைக்கு ஒன்றாகக் கடிகாரங்கள் வெளியே வந்தன. பூபதி ஒவ்வொன்றாகக் காதில் வைத்தார். இருபத்தொன்றும் ஓடின. மணிதான் இரண்டொரு நிமிஷம் முன்னே பின்னே.

"மகாராஜா, ஒருவர் கையிலும் கட்டவில்லை, ஒரு விரலும் சாவியைத் திருகவில்லை. இந்த அரண்மனையில் ஓயாமல் அசைவது எது என்று பார்த்தேன். பேஷ்கார் தலை ஒன்றுதான் அகப்பட்டது. இத்தனை வருஷமாக அது வீணாகத்தானே ஆடிக்கொண்டிருந்தது?"

பூபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேலக்குடியாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பூபதி, உம்ம கடிகாரம் எனக்கு வேண்டாம். அந்தத் தலை என்ன விலை என்று சொல்லும்" என்றார்.

மாசிலாமணியின் மகள் கல்யாணத்தை அரண்மனைச் செலவிலேயே நடத்துவது என்று அங்கேயே உத்தரவாயிற்று. மாசிலாமணி அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

சிரித்து ஓய்ந்த பூபதி பேஷ்காரைக் கூப்பிட்டார். "ஓய் தாண்டவமூர்த்தி, இனிமேல் நான் சொல்வதற்கெல்லாம் இப்படித் தலையாட்டக் கூடாது. தெரிந்ததா?"

"தெரிந்தது, மகாராஜா" என்று பேஷ்கார் தலையாட்டினார். பாரம் இறங்கிய தலை, முன்னைவிட வேகமாகவே ஆடியது.