அனுப்பியாச்சு

மெஹ்ருன்னிசாவுக்கு வயது முப்பத்தொன்று. கோயம்புத்தூரில் ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனத்தில் புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவர். அவரிடம் படித்த தேவசகாயத்துக்கு ஐம்பத்திரண்டு. ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். சின்னப் பெண்ணிடம் படிக்கிறோமே என்று ஒருநாளும் கூசியதில்லை. அதுவே பாதிப் படிப்பு.

பயிற்சி முடியும் நாளில் விண்ணப்பத்தோடு வந்தார். எந்தப் பிரிவு என்ற கட்டம் மட்டும் காலி.

“மேடம், உள்ளே புகுந்து ஓட்டை தேடுறவங்க இருக்காங்க. அலாரம் பாக்கிறவங்க, விதி எழுதுறவங்க, நடந்த பிறகு துப்பறியிறவங்க இருக்காங்க. இதுல எது பெரிய வேலை?”

மெஹ்ருன்னிசா ஒரு ஃபைலை அவர் பக்கம் நகர்த்தினார். நிறுவனத்தின் காவலில் இருந்த ஒரு மருத்துவமனையின் கோப்பு. போன வாரம் யாரோ புகுந்து அங்கிருந்த கம்ப்யூட்டர்களை எல்லாம் முடக்கிவிட்டார்கள். அதனால் வாசலுக்கு வந்த ஆம்புலன்ஸை மருத்துவமனை வேறு ஊருக்குத் திருப்பியது. அதில் இருந்த பெண் வழியிலேயே இறந்துபோனாள்.

“படிங்க. யார் தப்புன்னு சொல்லுங்க.”

தேவசகாயம் படித்தார். ஓட்டையைக் கண்டவர் அறிக்கையின் அறுபத்துமூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தார். விதி எழுதியவர் அதை அடைக்க முப்பது நாள் கொடுத்திருந்தார். இருபத்தெட்டாம் நாள் திருடன் புகுந்தான். அலாரம் மூன்று முறை அடித்தது. பார்த்தவர் மருத்துவமனைக்கு மின்னஞ்சல் போட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை, அதைத் திறந்து பார்க்க அங்கே ஆளில்லை. துப்பறிந்தவர் எல்லாவற்றையும் நிமிடம் தவறாமல் எழுதிவைத்திருந்தார்.

நான்கு கையெழுத்துக்கும் மேலே ஒரே வார்த்தை: அனுப்பியாச்சு. அதை எழுதினால் வேலை முடிந்தது என்று தேவசகாயமும் பயிற்சியின் இரண்டாம் வாரமே படித்திருந்தார். ஒருவர்கூடப் போன் செய்யவில்லை.

“யார் மேலயும் தப்பு இல்ல மேடம். அவங்கவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்காங்க.”

“அந்த அம்மாவோட வீட்டுக்காரர் கீழே உக்காந்திருக்கார். காலையில இருந்து இதே கேள்வியைத்தான் கேக்கிறார். இப்ப எங்கிட்ட சொன்னதைப் போய் அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க.”

தேவசகாயம் கதவு வரை போனார். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

“சொல்ல வாய் வரல மேடம்.”

மெஹ்ருன்னிசா கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நீங்க யார் பேரைச் சொல்லப் போறீங்க மேடம்?”

“என் பேரை. ‘அனுப்பியாச்சு’ன்னு எழுதினா போதும்னு அந்த நாலு பேருக்கும் சொல்லிக்கொடுத்தவ நான்தானே.”